தோலுக்குள் பூச்சி ஊர்கிறது என்று அம்மா சொல்கிறார்: எப்படிப் புரியவைப்பது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். குடியாத்தத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு 58 வயது. எட்டு மாதமாக உடம்பில் பூச்சி ஊர்கிறது, தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது என்கிறார். நான்கு டாக்டர்கள் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஐந்தாமவர் சிரங்குக் களிம்பு எழுதிக்கொடுத்தார். மெத்தை, தலையணை எல்லாம் எரித்தாயிற்று. பிடித்த பூச்சிகளைத் தீப்பெட்டியில் சேர்த்துவைத்திருக்கிறார். போன மாதத்திலிருந்து அப்பாவும் தனக்கு ஊர்கிறது என்று ஆரம்பித்துவிட்டார். 'இப்படி ஒரு பூச்சி உண்மையிலேயே உண்டா, அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டதா?' என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கேட்க வந்தது கடைசி வரியில் இருக்கிறது: 'பூச்சி இல்லை என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?' அதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மாவுக்கு இருப்பது நான் நினைக்கிற நோய்தான் என்றால், புரியவைக்க முடியாது. அந்த முயற்சியை இன்றோடு விட்டுவிடலாம். விட்டுவிட்டுச் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன.

நான் தோல் டாக்டர். முப்பது வருடத்துக்கு மேலாக வேலூர் வட்டாரத்தில்தான் தொழில். மனநலம் நான் படித்த துறை அன்று. ஆனால் இந்த நோய் உள்ளவர்கள் மனநல மருத்துவரைத் தேடிப் போவதில்லை, எங்களைத் தேடித்தான் வருவார்கள். 'எனக்கு இருப்பது பூச்சி, பைத்தியமில்லை' என்று அவர்கள் உறுதியாக இருக்கும்போது வேறு யாரிடம் போவார்கள்? அப்படி வந்தவர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை. ஆகவே அவருக்கு இன்னதுதான் என்று தீர்ப்புச் சொல்லவும் மாட்டேன்.

முதல் வேலை, பூச்சி இருக்கிறதா என்று நேர்மையாகத் தேடுவது. சிரிக்காதீர்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே 'எல்லாம் மனப்பிரமை' என்று சொல்லிவிடுகிறார்கள். நம் ஊரில் சொறி சிரங்கு இன்னும் போய்விடவில்லை. அதை உண்டாக்கும் பூச்சியின் நீளம் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். சாதாரணமாக ஒருவர் உடம்பில் மொத்தமே பத்துப் பதினைந்து பூச்சிகள்தான் இருக்கும். அவ்வளவு பேரையும் சுமந்துகொண்டு மனிதர் ராத்திரி முழுக்க உறங்காமல் சொறிவார். விரலிடுக்கு, மணிக்கட்டின் உட்பக்கம், அக்குள், தொப்புளைச் சுற்றி, இடுப்பு என்று அதற்கென்று இடங்கள் உண்டு. முதல் தடவை ஒட்டிக்கொண்டால் அரிப்புத் தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். மருந்து தடவிப் பூச்சி செத்த பிறகும் 2 முதல் 4 வாரம் அரிக்கும். இந்தக் கடைசிச் செய்தியைக் களிம்பு கொடுக்கும்போதே சொல்லாத டாக்டரால், 'போன பூச்சி திரும்பி வந்துவிட்டது' என்று எத்தனையோ வீடுகளில் கலவரம் நடந்திருக்கிறது.

ஒருமுறை நானே ஏமாந்தேன். பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் வந்தார். மகன், மருமகள், பேரப்பிள்ளை யாருக்கும் அரிப்பில்லை. இவருக்கு மட்டும் ராத்திரியானால் ஊர்கிறது, கடிக்கிறது. தோலில் சொறிந்த தடம் தவிர வேறொன்றும் இல்லை. இரண்டு டாக்டர்கள் தூக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள். நானும் அந்த வழியில்தான் யோசித்தேன். 'எங்கே படுப்பீர்கள்?' என்று ஏதோ பேச்சுக்குக் கேட்டேன். திண்ணையில் என்றார். திண்ணைக்குப் பக்கத்தில் என்ன? கோழிக்கூடு. அன்று ராத்திரி படுக்கையில் வெள்ளை வேட்டியை விரித்துப் படுத்து, விடிந்ததும் அதைச் சுருட்டி அப்படியே பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் வேட்டியின் மடிப்பில் சிவப்பும் பழுப்புமாகச் சிறு புள்ளிகள். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் எட்டுக் காலோடு நடக்கின்றன. கோழிச்செள்ளு. கூட்டை இடம் மாற்றினார்கள், பெரியவர் தூங்கினார். சன்னலுக்கு மேல் புறா கூடு கட்டி, குஞ்சு பறந்த பிறகு, பசித்த செள்ளு வீட்டுக்குள் இறங்கி மனிதரைக் கடிப்பதும் உண்டு. உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கட்டில் இடுக்கில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பூச்சி இல்லாமலும் உடம்பு ஊரும். ஊர்கிற உணர்வை நமக்குச் சொல்வது நரம்பு. நரம்பு கெட்டால் பொய்ச் செய்தி அனுப்பும். நீண்டகாலச் சர்க்கரை நோய், பி12 வைட்டமின் குறைவு, தைராய்டுக் கோளாறு, சிறுநீரகம் அல்லது ஈரல் பழுது, இரும்புச்சத்துக் குறைவு இவற்றில் எது வேண்டுமானாலும் அரிப்பாகவோ எறும்பு ஊர்வது போலவோ வெளிப்படலாம். சர்க்கரைக்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு தோல் வறண்டுபோய் நமைச்சல் எடுப்பதும் சாதாரணம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் குரோமியம் கலந்த தண்ணீரில் கை வைக்கிறவர்களுக்கு வரும் ஒவ்வாமை அரிப்பைப் பற்றித் தனியாகவே எழுதலாம். வடாற்காட்டில் பழகிய தோல் டாக்டர்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு: யார் 'ஊர்கிறது, மரத்துப்போகிறது' என்றாலும் கை தானாக நோயாளியின் முழங்கைக்கு உட்புறம் போய், அங்கே ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்று உருட்டிப் பார்க்கும். தொழுநோய் அதிகம் இருந்த மாவட்டம் இது. கரிகிரியில் 1955இல் அதற்கென்றே ஆராய்ச்சி மருத்துவமனை வந்தது. நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது, எங்கள் விரல்கள் மறக்கவில்லை. உங்கள் அம்மாவுக்கும் இதைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை.

குடியை ஒரேயடியாக நிறுத்திய இரண்டாம், மூன்றாம் நாளில் உடம்பெல்லாம் பூச்சி என்று தட்டிக்கொண்டு நடுங்குகிறவர்கள் வேறு கதை. அது அவசர சிகிச்சை. அன்றே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். கோகெய்ன், ஆம்ஃபெட்டமின் போன்ற போதைப்பொருள்களும் அதே ஊர்தலைக் கொண்டுவரும். சில மருந்துகள், பார்க்கின்சன் நோய்க்குக் கொடுப்பவை உட்பட, இதைத் தூண்டலாம். மறதி நோயின் தொடக்கத்திலும் வரலாம். ஆகவே அம்மா சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயர் சொல்ல வேண்டாம், அட்டையைக் காட்டினால் போதும்.

இவ்வளவும் பார்த்து, ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்து, அப்படியும் பூச்சி இருக்கிறது என்ற எண்ணம் இம்மியும் அசையவில்லை என்றால் அதற்கென்று ஒரு நோய் இருக்கிறது. பிரான்சில் 1894இல் திபியெர்ஜ் என்ற தோல் மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். 1938இல் சுவீடன் நரம்பியல் மருத்துவர் கார்ல் ஆக்செல் எக்போம் நடுவயது கடந்த பெண்களிடம் இதைக் கண்டு விரிவாக விவரித்தார். அதனால் எக்போம் நோய் என்றும் சொல்வார்கள். தமிழில் நான் பூச்சிப் பிறழ்நம்பிக்கை என்று சொல்லிக்கொள்கிறேன். எந்தச் சான்று காட்டினாலும் அசையாத தவறான நம்பிக்கைக்குத்தான் மருத்துவத்தில் பிறழ்நம்பிக்கை என்று பெயர். 'ஒருவேளை பூச்சியாக இருக்குமோ' என்று பயப்படுகிறவர் இதில் சேர மாட்டார். அவரிடம் பேசலாம், ஆறுதல் சொன்னால் கேட்பார்.

தீப்பெட்டிக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் அந்த வரியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மருத்துவத்தில் இதற்குத் தீப்பெட்டி அடையாளம் என்றே பெயர். லண்டனிலிருந்து வரும் லான்செட் இதழ் 1983இல் அந்தப் பெயரில் எழுதியது. குடியாத்தத்தில் தீப்பெட்டித் தொழில் உண்டு என்பதால், உள்ளூர்ப் பெட்டிகளிலேயே எனக்கு இந்தச் சீதனம் வந்து சேர்ந்திருக்கிறது. இப்போது ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைகள், மொபைலில் எடுத்த நூறு படங்கள் என்று மாறிவிட்டது. எனக்கு மறக்காத பெட்டிகள் ஓர் அம்மாவுடையவை. ஏழு பெட்டிகள், ரப்பர் பாண்டு போட்டு, ஒவ்வொன்றின் மேலும் பால் பாயிண்ட் பேனாவால் தேதி. இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தேன். காய்ந்த ரத்தப் பொருக்கு. பொடுகு போன்ற செத்த தோல். எறும்பின் ஒரு கால். அரிசி வண்டின் முதுகோட்டில் பாதி. மீதியெல்லாம் நூல். சிவப்பு, பச்சை, நீலம் என்று நூல்கள், பருத்தி இழைக்கே உரிய முறுக்கிய நாடா வடிவத்தில். அவர்கள் வீட்டில் லுங்கித் தறி இருந்தது. தறி வீட்டில் யார் உடம்பை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலும் அது இருக்கும். அன்று நான் வீடு போய்ப் பார்த்திருந்தால் என் சட்டையிலும் இருந்திருக்கும்.

அமெரிக்காவில் 2002 வாக்கில் தோலிலிருந்து வண்ண நூல்கள் முளைக்கின்றன என்று சிலர் சொல்லத் தொடங்கி, அதற்கு மார்கெல்லன்ஸ் என்று பெயரும் வைத்தார்கள். அரசின் நோய்த் தடுப்பு மையமே இறங்கி, வடக்குக் கலிபோர்னியாவில் 115 பேரை ஆராய்ந்து 2012இல் முடிவை வெளியிட்டது. தொற்றோ ஒட்டுண்ணியோ கண்டுபிடிக்கப்படவில்லை. தோலிலிருந்து எடுத்த இழைகளில் பெரும்பாலானவை பருத்தி. அந்த அறிக்கையைப் படித்தபோது எனக்கு ஏழு தீப்பெட்டிகள்தான் கண்முன் வந்தன.

அந்த அம்மாவிடம் நான் இரண்டு தவறு செய்தேன். அவரையே மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கச் சொன்னேன். 'நூல்தானே, பாருங்கள்' என்றேன். தகட்டில் இருந்த தண்ணீர்த் துளி லேசாக ஆடியது. 'அதோ நெளிகிறதே, டாக்டர்' என்றார். முகத்தில் எவ்வளவு நிம்மதி! கடைசியில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டார். அதற்கு முந்தைய தவறு இன்னும் பெரிது. முதல் நாளே 'எதற்கும் இருக்கட்டும், அவர் திருப்திக்கு' என்று சிரங்குக் களிம்பு கொடுத்திருந்தேன். இரண்டு நாள் பரவாயில்லை என்றார். பிறகு பூச்சிகள் பெருகிவிட்டன, மருந்துக்குப் பழகிவிட்டன என்றார். மறுபடி கொடுத்தேன். அந்தக் களிம்பை அடிக்கடி தடவினால் அதுவே தோலை எரிச்சலாக்கி ஊர வைக்கும். பூச்சி இல்லையென்றால் டாக்டர் ஏன் பூச்சி மருந்து கொடுத்தார்? அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் நம்பிக்கைக்கு என் கையெழுத்திலேயே ஆதாரம் எழுதிக்கொடுத்திருந்தேன். ஐந்தாவது டாக்டர் கொடுத்த களிம்பு பற்றி நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். பூச்சியைக் கண்ணால் கண்டோ, சிரங்கின் தடம் பார்த்தோ கொடுத்திருந்தால் சரி. சமாதானத்துக்குக் கொடுத்திருந்தால் இனி வேண்டாம்.

உறுதியாகத் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். மனிதத் தோலில் குடியேறும் உயிர்கள் எவை, எப்படி வாழ்கின்றன என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். தோலுக்கடியில் நகரும் கொக்கிப்புழு இனக் குஞ்சு ஒன்று உண்டு. அது போன வழியெல்லாம் சிவந்த கோடு வளைந்து வளைந்து தெரியும். புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். அது கண்ணுக்கே தெரியும். குளத்துத் தண்ணீரால் வந்த நரம்புச் சிலந்தி என்ற புழு காலைப் பிளந்துகொண்டு வெளியே வந்து தொங்கும். அது நம் நாட்டிலிருந்து ஒழிந்துவிட்டது என்று 2000இல் அறிவித்தார்கள். தோலுக்குள்ளிருந்து கிளம்பிச் சுவரேறி, துணியில் இறங்கி, மூக்கு வழியாகத் திரும்பி, டாக்டரைக் கண்டால் மட்டும் மறைந்துகொள்ளும் உயிர் எதுவும் கிடையாது. இதில் எனக்குச் சந்தேகமில்லை. உங்கள் அம்மாவுக்கு ஊர்கிறது என்பதிலும் சந்தேகமில்லை. அவர் நடிக்கவில்லை. அந்த உணர்வு ஏன் ஒருவரிடம் வெறும் நமைச்சலாக நின்றுவிடுகிறது, இன்னொருவரிடம் அசைக்க முடியாத கதையாக வளர்கிறது என்பது மட்டும் விஞ்ஞானத்துக்கே முழுதாகப் பிடிபடவில்லை. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் போக்கில் கோளாறு என்கிறார்கள். அதைத் தடுக்கும் மருந்துகள் பலன் தருவதும், அதைக் கூட்டும் போதைப்பொருள்கள் பூச்சியைக் கொண்டுவருவதும் அந்தப் பக்கம் கைகாட்டுகின்றன. அதற்கு மேல் சொன்னால் ஊகம்.

பூச்சிக் கதைக்கு நம் பேச்சிலேயே விதை கிடக்கிறது என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம். தலையில் வட்டமாக முடி கொட்டினால் புழுவெட்டு என்கிறோம். அங்கே புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. சொத்தைப் பல்லைப் பூச்சிப்பல் என்கிறோம். என் சின்ன வயதில் தெருவில் ஒருவர் வந்து, குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பல் பூச்சி எடுத்துத் தட்டில் போட்டுக் காட்டுவார். பூச்சி அவர் வாய்க்குள் முன்பே இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. இப்படிப்பட்ட ஊரில், தோல் ஊர்ந்தால் பூச்சி என்று நினைப்பது இயல்பு. குப்பைமேனியை உப்போடு அரைத்துப் பூசுவதும், அக்கிக்குக் காவியால் எழுதுவதும் பழக்கம், நோய் இல்லை. ஊரே நம்புவதை ஒருவர் நம்பினால் அது பிறழ்நம்பிக்கை ஆகாது. ஊரும் உறவும் 'அது அப்படியில்லை' என்று சொன்ன பிறகும், ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சோடு உட்கார்ந்து தோலைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தால்தான் நோய்.

'புத்தி பிசகிவிட்டதா' என்று கேட்டீர்கள். இந்த நோயின் வினோதமே மற்ற எல்லாம் சரியாக இருப்பதுதான். உங்கள் அம்மா இன்றைக்கும் பால் கணக்கைப் பிசகில்லாமல் போடுவார், சீட்டுப் பணம் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்வார் என்று நினைக்கிறேன். பூச்சி என்ற ஒரு விஷயத்தில் மட்டும் கதவு சாத்தியிருக்கும். அதனால்தான் பக்கத்தில் இருப்பவர்களும் நம்பிவிடுகிறார்கள். இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவர் பொய்யா சொல்வார்? உங்கள் அப்பா விழுந்தது அங்கேதான். ஒருவரின் பிறழ்நம்பிக்கை கூடவே வாழ்கிறவரிடம் ஒட்டிக்கொள்வதை லாசேக், ஃபால்ரே என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் 1877இலேயே விவரித்திருக்கிறார்கள். அரிப்புத் தொற்றக்கூடிய சங்கதி. இதைப் படிக்கும்போதே நீங்கள் ஒரு தடவையாவது எங்காவது சொறிந்திருப்பீர்கள். அப்பாவுக்குச் சிரங்கு இல்லை என்று உறுதியான பிறகு, அத்தை வீட்டுக்கோ உங்கள் வீட்டுக்கோ இரண்டு மூன்று வாரம் அனுப்பிவையுங்கள். இப்படி ஒட்டிக்கொண்டவர்களில் சிலருக்கு, பிரிந்திருந்தாலே அது கரைந்துவிடும். கரையாவிட்டால் அவருக்கும் சிகிச்சை தேவை.

இனி அம்மாவிடம் பேசும் முறை. 'பூச்சி இருக்கிறது' என்று ஒத்துக்கொள்ள வேண்டாம். 'இல்லவே இல்லை' என்று மல்லுக்கும் நிற்க வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. அதில் நடக்கப் பழகுங்கள். 'அம்மா, உனக்கு ஊர்கிறது, தூக்கமில்லை, அது எனக்குத் தெரிகிறது. எதனால் என்று எனக்குத் தெரியவில்லை. தூக்கம் வர வைக்கவும் ஊர்வதைக் குறைக்கவும் மருந்து இருக்கிறதாம், போய்ப் பார்க்கலாம்.' இதில் பொய் இல்லை. அவர் பெட்டியை நீட்டினால் வாங்கிப் பாருங்கள். தூக்கி எறியாதீர்கள், அவர் கண்ணெதிரில் எரிக்காதீர்கள். டாக்டரிடம் போகும்போது அதையும் எடுத்துப் போங்கள். பெட்டியைத் திறந்து பார்க்காத டாக்டரிடம் அவர் மறுபடி வரமாட்டார். அதோடு வீட்டில் இனி எதையும் எரிப்பதும், பூச்சி மருந்து அடிக்க ஆள் கூப்பிடுவதும் நிற்கட்டும். ஒவ்வொரு எரிப்பும் 'பார், இவர்களும் நம்புகிறார்கள்' என்று அவரிடம் சொல்லும்.

மருந்து இருக்கிறது, பலனும் இருக்கிறது. முதலில் புகழ்பெற்றது பிமோசைடு. 1982இல் வெளியான ஓர் ஆய்வு, 11 நோயாளிகளிடம் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு அது மேல் என்று காட்டியது. பதினோரு பேரை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்று கேட்டால் நியாயமான கேள்விதான். இந்த நோயில் பெரிய ஆய்வுகள் மிகக் குறைவு, தமக்கு நோய் என்றே நம்பாதவர்களை ஆய்வுக்குச் சேர்ப்பதே பெரும்பாடு. பிமோசைடு இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கக்கூடும் என்பதால் இப்போது ரிஸ்பெரிடோன், ஓலன்சபின், அமிசல்பிரைடு போன்றவற்றைத்தான் அதிகம் கொடுக்கிறார்கள். குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். பத்து நாளில் ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். எடை கூடலாம், சர்க்கரை ஏறலாம், கைகால் இறுகலாம். இதையெல்லாம் மனநல மருத்துவர் பார்த்துக்கொள்வார். எந்த மருந்து, எவ்வளவு என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்கவும் வேண்டாம்.

இங்கே ஒன்றைக் கடுமையாகவே சொல்ல வேண்டும். 'சாம்பாரில் கலந்து கொடுத்துவிடலாமா?' என்று கேட்காத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. கலக்காதீர்கள். சொல்லாமல் கொடுத்த மருந்தின் பக்கவிளைவை அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? நாக்குக் குழறினால், கை நடுங்கினால், அதையும் பூச்சி கணக்கில்தான் எழுதுவார். ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டால், பூச்சியோடு நின்ற சந்தேகம் 'சோற்றில் விஷம் வைக்கிறார்கள்' என்று உங்கள் மேல் திரும்பும். அதற்குப் பிறகு அவரை எங்கும் அழைத்துப் போக முடியாது. தன் சிகிச்சையைத் தெரிந்து ஒப்புக்கொள்வது நோயாளியின் உரிமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும் சொல்கிறது. நான் பார்த்தவரை, 'இது நரம்பை அமைதிப்படுத்தும் மாத்திரை, மனநோய்க்கும் இதையே கொடுப்பார்கள், உங்களைப் போல ஊர்கிறது என்று வந்தவர்களுக்கும் கேட்டிருக்கிறது' என்று நேராகச் சொன்னால் பாதிப் பேராவது வாங்கிக்கொள்கிறார்கள். மீதிப் பாதிக்கு இரண்டு, மூன்று தடவை வர வேண்டியிருக்கும்.

எங்கே போவது? அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவும் மனநலப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பது இந்த நோய்க்குப் பெரிய வசதி. தோல் டாக்டரே பக்கத்து அறைக்கு அழைத்துப் போகலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பாகாயம் என்ற பெயரை எடுத்தாலே சிலருக்கு முகம் மாறிவிடும். ஆனால் 1957இல் தொடங்கியதிலிருந்து நோயாளியோடு குடும்பத்தாரும் கூடத் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது அங்கே வழக்கம், அடைத்துவைக்கும் இடம் என்ற கற்பனையோடு அதற்குச் சம்பந்தமில்லை. முதலில் தோல் டாக்டரிடம் போங்கள். அவர் முழுதாகப் பார்த்து, ரத்தம் சோதித்து, பெட்டியையும் திறந்து பார்த்த பிறகு, அவர் வாயால் 'இன்னொரு டாக்டரையும் சேர்த்துப் பார்ப்போம்' என்று வரட்டும். அம்மாவைக் கிளப்பவே முடியவில்லை என்றால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் நீங்கள் முதலில் பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

ஏழு தீப்பெட்டி அம்மா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அவருக்கு பி12 குறைவாக இருந்தது. ஊசி போட்டதில் ஊர்வது கொஞ்சம் குறைந்தது, நம்பிக்கை குறையவில்லை. நான்காவது தடவை வந்தபோது ரிஸ்பெரிடோனுக்கு ஒப்புக்கொண்டார்; மனநல மருத்துவர் ஒருவரும் சேர்ந்து பார்த்தார். மூன்றாம் மாதம் வந்தபோது கையில் பெட்டி இல்லை. 'இப்போது எப்படி?' என்றேன். 'போய்விட்டன' என்றார். இருந்ததே இல்லை என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை, நானும் சொல்ல வைக்க முயலவில்லை. நடுவில் ஒருமுறை தானாகவே மாத்திரையை நிறுத்தி, இரண்டு மாதத்தில் மறுபடி ஊர ஆரம்பித்து, மறுபடி மருந்துக்கு வந்தார். கடைசியாக வந்தது பித்தவெடிப்புக்கு. எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை. டாக்டர் டாக்டராக மாறிக்கொண்டே போய், என் கண்ணில் மறுபடி படாதவர்களும் உண்டு.

உங்கள் அம்மா டெட்டாலை அப்படியே ஊற்றிக் குளிக்கிறார், மண்ணெண்ணெய் தடவுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதில் தோல் வெந்துதான் பாதி எரிச்சல் வந்திருக்கும். தேங்காயெண்ணெய் தடவிச் சாதாரணத் தண்ணீரில் குளித்தாலே ஒரு வாரத்தில் கொஞ்சம் அடங்கும். கத்தி, பிளேடு, ஊசி கொண்டு தோண்ட ஆரம்பித்திருந்தாலோ, 'இப்படி வாழ்வதற்குப் போய்ச் சேரலாம்' என்ற பேச்சு வாயில் வந்திருந்தாலோ, நான் மேலே சொன்ன வரிசையெல்லாம் வேண்டாம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். நிலத்துக்கு அடிக்க வாங்கிய பூச்சிமருந்து டப்பா வீட்டில் இருக்கிறதா? உடம்பில் தடவினாலும் அது தோல் வழியாக உள்ளே இறங்கி ஆளைச் சாய்த்துவிடும். இதைப் படித்து முடித்ததும் அப்பாவுக்கு போன் செய்து, அதை அம்மா கைக்கு எட்டாத வேறு வீட்டில் கொண்டுபோய் வைக்கச் சொல்லுங்கள்.